ஐந்து நாள் மாத்திரையும் எழுபது வருடக் கதையும்

போன வெள்ளிக்கிழமை. இங்கே பஹ்ரைனில் வார விடுமுறை. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தபோது பலமனேரிலிருந்து அண்ணன் மகள் போன் செய்தாள். வழக்கமாக என்னிடம் பத்து நிமிஷம் ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கேட்பாள். அன்றைக்கு எடுத்ததுமே, "சித்தப்பா, சித்தி இருக்காங்களா? அவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

கல்யாணமாகி நாலு வருஷம். குழந்தைக்காக மாத்திரை ஆரம்பித்திருக்கிறாள் என்று அண்ணி ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"சித்தி, உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா? ராத்திரி ஒரு மணிக்கு உடம்பு குப்புனு சூடாகுது. தலை சுத்துது. காரணமே இல்லாம அழுகை வருது. நான் மாறிட்டேன்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க."

"நீ மாறலம்மா. அது மாத்திரை பண்ற வேலை. டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இதையெல்லாம் போய் எப்படிச் சொல்றது சித்தி..."

நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். ஏனென்றால் 2012ல் என் மனைவி இதே கேள்வியை என்னிடம் கேட்டாள். "நீ மாறல" என்கிற பதில் அவளுக்கு அன்றைக்குக் கிடைக்கவில்லை. நான் சொன்னது, "நீ கொஞ்சம் பொறுமையா இருந்தா எல்லாம் சரியாகும்."

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க, என் பேரு மட்டும் போடாதீங்க" என்றாள். நான் பி.காம் படித்து பேங்கில் கணக்குப் பார்க்கிறவன், டாக்டர் அல்ல. ஆனால் ஒரு கணக்கு எங்கே தொடங்கியது, நடுவில் எந்தப் பதிவு விட்டுப்போனது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது எனக்குப் பழகிய வேலை. இந்த மருந்துகளின் கதையை அப்படித்தான் தேடிப் படித்தேன்.

எங்கள் ஊர்

பலமனேர் தெரியாதவர்களுக்கு: ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். ஒரு பக்கம் கர்நாடகா, ஒரு பக்கம் தமிழ்நாடு. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. 1911ல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை இந்தப் பகுதி வட ஆற்காட்டில் இருந்தது. எல்லை மாறினாலும் பழக்கம் மாறவில்லை. உடம்புக்குப் பெரிதாக ஏதாவது என்றால் எங்கள் ஊர்க்காரர்கள் இன்றும் வேலூர் பஸ்ஸில் ஏறுவார்கள்.

அந்த வேலூர் ஆஸ்பத்திரியை 1900ல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியவர் ஐடா ஸ்கடர். அவர் டாக்டராகப் படிக்கப் போனதற்கே ஒரு காரணம் உண்டு. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். டாக்டரான அவருடைய அப்பா வீட்டிலேயே இருந்தார். ஆனால் ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று அந்தக் குடும்பங்கள் சொல்லிவிட்டன. பெண் உடம்பின் கஷ்டத்தை வெளியே சொல்லக் கூடாது என்கிற கட்டுப்பாடு எவ்வளவு பழையது, எவ்வளவு ஆபத்தானது பாருங்கள். "இதையெல்லாம் போய் எப்படிச் சொல்றது" என்று அண்ணன் மகள் சொன்னதும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

2012: கண்ணில் மின்னல்

அப்போது நான் சித்தூரில் ஒரு பேங்க் கிளையில் வேலை பார்த்தேன். கல்யாணமாகி 4 வருஷம் முடிந்திருந்தது. பலமனேர் பஜாரில் யாரைப் பார்த்தாலும் "பில்லலு எந்தமந்தி?" என்று தெலுங்கில் ஒரு கேள்வி. காணிப்பாக்கம் பிள்ளையார், திருமலை, ஒன்று பாக்கியில்லை.

டாக்டர் குளோமிஃபீன் எழுதினார். மாதவிடாய் தொடங்கிய சில நாளில் ஆரம்பித்து 5 நாள் சாப்பிட வேண்டிய சின்ன மாத்திரை. "இன்னொரு மாத்திரை இருந்தது, அரசாங்கம் தடை பண்ணிடுச்சு. இதையே சாப்பிடுங்க" என்றார். பக்கவிளைவு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இரண்டாவது மாதம் டோஸ் கூடியது. நடு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொண்டு மின்விசிறியை வேகமாக வை என்பாள். மார்கழி மாதம்! பலமனேர் குளிருக்கு நான் கம்பளிக்குள் இருப்பேன். சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம், பிறகு அழுகை. "மருமகளுக்கு வாய் கூடிப்போச்சு" என்று வீட்டில் பேச்சு. ஒருநாள், "ஏங்க, கண்ணுல மின்னல் மாதிரி அடிக்குது" என்றாள். "ராத்திரி தூங்கலல்ல, அதான்" என்றேன்.

அந்த மின்னல் தூக்கமின்மையால் வந்ததல்ல. அந்த மருந்தின் தகவல் தாளில் பல வருஷமாக அச்சாகியிருக்கும் பக்கவிளைவு அது. பார்வை மங்கினாலோ, புள்ளியோ மின்னலோ தெரிந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டுக் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. எங்கள் கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து 5 மாத்திரை கொடுப்பார். தாள் எங்கள் கைக்கு வந்ததே இல்லை.

மாத்திரையின் கதை

குளோமிஃபீன் 1956ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், மெர்ரல் என்ற மருந்துக் கம்பெனியின் வேதியியலாளர் ஃபிராங்க் பலோபோலியின் குழுவில் பிறந்தது. எலிகளுக்குக் கொடுத்தபோது அது கருத்தரிப்பதைத் தடுத்தது. பெண்களுக்குக் கொடுத்தபோது நேர்மாறு! முட்டை வெளிவராத பெண்களுக்கு முட்டை வெளிவந்தது. ராபர்ட் கிரீன்பிளாட் என்ற டாக்டர் 1961ல் இதை வெளியிட்டார். 1967ல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது.

இது வேலை செய்யும் விதத்தை பேங்க் பாஷையில் சொல்கிறேன். உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் போதுமான அளவு இருக்கும். ஆனால் மூளை அதைப் பார்க்க முடியாதபடி இந்த மாத்திரை மறைத்துவிடும். கணக்கில் பணம் இருக்கும்போதே ஏடிஎம் "இருப்பு குறைவு" என்று காட்டுவது போல. மூளை பதறிப்போய் சினைப்பைக்கு வேலை வேகமாக நடக்கட்டும் என்று உத்தரவு அனுப்பும். முட்டை வளரும்.

மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் நிஜமாகவே குறையும்போது பெண்களுக்கு உடம்பு குப்பென்று சூடாகும், வியர்க்கும், மனசு அலைபாயும். இந்த மாத்திரை மூளைக்கு அதே பொய்யைச் சொல்வதால் 28 வயதுப் பெண்ணுக்கும் அதே சூடு வருகிறது. மருந்து வேலை செய்கிற வழியும் பக்கவிளைவு வருகிற வழியும் ஒன்றுதான். போதாததற்கு, 5 நாளில் மாத்திரை முடிந்தாலும் மருந்து உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். "மாத்திரைதான் முடிஞ்சிடுச்சே, இன்னும் என்ன?" என்று கேட்டவன் நான்.

இப்போது ஒரு கணக்கு. கம்பெனியின் தகவல் தாளில், சுமார் 8,000 பெண்களில் உடம்பு சூடானது 10.4 சதவீதம் பேருக்கு, பார்வைத் தொந்தரவு 1.5 சதவீதம் பேருக்கு, சினைப்பை வீக்கம் 13.6 சதவீதம் பேருக்கு என்று இருக்கிறது. 2014ல் ரிச்சர்ட் லெக்ரோ தலைமையில் அமெரிக்காவில் 750 பெண்களிடம் ஒரு பெரிய ஆய்வு முடிந்தது. எல்லாரும் நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள். அதில் குளோமிஃபீன் சாப்பிட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு உடம்பு சூடானது என்று பதிவானது. மாத்திரை அதேதான். பெண்கள் வேறு, காலம் வேறு, ஆகவே இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒன்று எனக்குத் தோன்றுகிறது: கூப்பிட்டு உட்காரவைத்து ஒவ்வொரு முறையும் கேட்டால், அதிகம் பேர் சொல்வார்கள்.

தடை வந்ததும் போனதும்

டாக்டர் சொன்ன "இன்னொரு மாத்திரை" லெட்ரோசோல். மார்பகப் புற்றுநோய்க்கு வந்த மருந்து. இதை முட்டை வளர்க்கப் பயன்படுத்தலாம் என்று 2001ல் கனடாவில் மிட்வாலி, காஸ்பர் என்ற இரண்டு டாக்டர்கள் எழுதினார்கள். 2005ல் ஒரு மாநாட்டில், பிறக்கிற குழந்தைக்குக் குறை வரலாம் என்று ஒரு சிறு ஆய்வு வந்தது. உலகம் முழுக்கப் பயம். 2006ல் 911 குழந்தைகளை வைத்துச் செய்த கனடா ஆய்வு அப்படி அதிகம் இல்லை என்றது. லெட்ரோசோல் குழந்தைகளில் குறை 2.4 சதவீதம், குளோமிஃபீன் குழந்தைகளில் 4.8 சதவீதம்.

ஆனாலும் இந்தியாவில் 2011 அக்டோபரில் மத்திய அரசு குழந்தையின்மைக்கு லெட்ரோசோல் தருவதை நிறுத்தியது. 2017ல்தான் தடை நீங்கியது. இடையில் அந்த 2014 ஆய்வு, நீர்க்கட்டி உள்ள பெண்களில் லெட்ரோசோல் மூலம் குழந்தை பெற்றவர்கள் 27.5 சதவீதம், குளோமிஃபீனில் 19.1 சதவீதம் என்று காட்டிவிட்டது. உடம்புச் சூடும் லெட்ரோசோலில் குறைவு, சுமார் ஐந்தில் ஒருவருக்கு. ஆனால் அசதியும் தலைசுற்றலும் கொஞ்சம் அதிகம். இன்று நீர்க்கட்டிக்கு முதலில் எழுதுவது பெரும்பாலும் இதைத்தான். அந்த ஆறு வருஷத்துக்குள் மாட்டிக்கொண்டவர்களில் என் மனைவியும் ஒருத்தி. யாரையும் திட்ட இதைச் சொல்லவில்லை. பயம் வந்தால் நிறுத்திப் பார்ப்பது அரசின் வேலைதான். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது யார் உடம்பு என்பதையும் பதிய வேண்டும் அல்லவா?

ஊசியின் கதை

மாத்திரை பலிக்காதவர்களுக்கு ஊசி. இதன் கதை இன்னும் விசித்திரம்.

1958ல் ஸ்வீடனில் கார்ல் கெம்செல், இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஹார்மோன் எடுத்து ஊசி போட்டு முட்டையை வளர்த்துக் காட்டினார். ஆஸ்திரேலியாவில் இந்த வகை ஊசியை 1967 முதல் 1985 வரை அரசுத் திட்டமாகவே போட்டார்கள். அதில் சிலருக்குப் பல வருஷம் கழித்து மூளையைச் சிதைக்கும் நோய் வந்து உயிர் போனது. அதோடு அது நின்றது.

இன்னொரு வழி இத்தாலியில். மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில் அதே ஹார்மோன் நிறைய இருப்பதால் அதைப் பிரித்தெடுக்கும் முறையை ரோமில் பியரோ தோனீனி 1949ல் கண்டுபிடித்தார். அவ்வளவு சிறுநீருக்கு எங்கே போவது? வயதான கன்னியாஸ்திரிகள் இருந்த மடங்களில் சேகரித்தார்கள். புருனோ லுனென்ஃபெல்ட் என்ற டாக்டரின் முயற்சியில் இந்த ஊசி மூலம் 1962ல் இஸ்ரேலில் முதல் குழந்தை பிறந்தது. கன்னியாஸ்திரிகளின் தயவில் குழந்தை! 1990களின் நடுவில்தான் ஆய்வுக்கூடத்திலேயே இந்த ஹார்மோனைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள்.

இந்தியாவிலும் இந்த ஊசிக்கு ஒரு சோகமான அத்தியாயம் இருக்கிறது. 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்த உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தைக்கு ஊசியே போடவில்லை. இயற்கையாக வளர்ந்த ஒரே முட்டையை எடுத்தார்கள். 70 நாள் கழித்து அக்டோபர் 3ல் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் இரண்டாவது குழந்தையை அறிவித்தார். அவர் ஊசி போட்டுப் பல முட்டைகளை வளர்த்தார். உண்டான கருவை உறையவைத்து, ஊசியின் வேகம் அடங்கிய பிறகு வேறொரு மாதத்தில் கருப்பையில் வைத்தார். யாரும் நம்பவில்லை. மாநில அரசின் விசாரணைக் குழு அவரைப் பொய்யர் ஆக்கியது. கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் 19ல் தற்கொலை செய்துகொண்டார்.

1986ல் மும்பையில் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவோடு சேர்ந்து, அதிகாரப்பூர்வமாக இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தையைக் கொண்டுவந்த விஞ்ஞானி டி.சி. ஆனந்த் குமார். அவரே சுபாஷின் குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்து, "முதல் ஆள் நான் இல்லை, அவர்தான்" என்று 1997ல் எழுதினார். (சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் மூலம் தென்னிந்தியாவின் முதல் குழந்தை 1990ல்.) அந்தக் குறிப்பேடுகள் இல்லாவிட்டால் சுபாஷ் இன்றும் பொய்யர்தான்.

2013: வீங்கிய வயிறு

"அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்" என்று நம் ஊரில் ஒரு பழமொழி. அவசரப்படுகிற பெண்ணைக் கேலி செய்வது. 2013க்குப் பிறகு அதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

நகரத்தில் ஒரு மையத்தில் ஊசி போட்டு முட்டை எடுத்தார்கள். நாலாவது நாள் வயிறு உப்ப ஆரம்பித்தது. போன் செய்தால், "கொஞ்சம் உப்புசம் இருக்கும், பயப்படாதீங்க" என்று பதில். புடவைக் கொசுவம் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "விசேஷமா?" என்று முகம் மலரக் கேட்டார். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அன்று ராத்திரி படுத்தால் மூச்சு முட்டியது. சிறுநீர் சரியாகப் போகவில்லை. காரில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வயிற்றிலிருந்து நீரை எடுத்தார்கள். 7 நாள் ஆஸ்பத்திரி. கரு தங்கவில்லை. அதோடு நாங்கள் நிறுத்திக்கொண்டோம். எங்களுக்குக் குழந்தை இல்லை. இன்று இரண்டு பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம்.

அதன் பெயர் ஓ.எச்.எஸ்.எஸ். சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்படுவது. முட்டையைப் பக்குவமாக்கக் கடைசியில் எச்.சி.ஜி என்று ஒரு ஊசி போடுவார்கள். நிறைய முட்டை இருக்கிற பெண்ணுக்கு அதனால் ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். நீர் வயிற்றில் சேரும், ரத்தம் கெட்டியாகும். பெரும்பாலும் லேசாக வந்து தானாகவே அடங்கும். முற்றினால் உயிருக்கே ஆபத்து.

இன்று இதைப் பெருமளவு தடுக்க முடியும். கடைசி ஊசிக்கு எச்.சி.ஜிக்குப் பதில் வேறு மருந்து, அந்த மாதம் கரு வைக்காமல் எல்லாவற்றையும் உறையவைத்து வேறொரு மாதத்தில் வைப்பது என்று ஒரு முறை. பிரஸ்ஸல்ஸில் பால் தெவ்ரோய் குழுவினர் 2011ல் இதை வலியுறுத்தி எழுதினார்கள். உறையவைத்து வேறு மாதம் வைப்பது... எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? சுபாஷ் 1978ல் செய்தது! அவர் செய்த காரணம் வேறு, தூண்டிய மாதத்தில் கருப்பை தயாராக இருக்காது என்று நினைத்தார். ஆனால் அவரை நம்பாத அதே வழிதான் இன்று பெண்களைக் காப்பாற்றுகிறது.

என்ன செய்யலாம்?

எங்கள் அனுபவத்திலிருந்தும் படித்ததிலிருந்தும், கணவன்மார்களுக்கே முக்கியமாகச் சொல்கிறேன்.

மாத்திரை தொடங்கும் நாளிலிருந்து ஒரு நோட்டு போடுங்கள். தேதி, மருந்து, டோஸ், தூக்கம், சூடு, தலைவலி, அழுகை, எல்லாம். டாக்டரிடம் வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் நோட்டை நீட்டலாம். நீங்களும் கூடவே போங்கள். மாத்திரையை ராத்திரி படுக்கும் முன் சாப்பிடலாமா, டோஸ் குறைக்கலாமா, மருந்தை மாற்றலாமா என்று அவரையே கேளுங்கள். நீங்களாக எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

கண்ணில் மின்னல், புள்ளி, மங்கல் வந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். வண்டி ஓட்ட வேண்டாம்.

ஊசி போடுகிறவர்கள் தினமும் காலையில் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால், வயிறு உப்பினால், வாந்தி நிற்காவிட்டால், சிறுநீர் குறைந்தால், மூச்சு முட்டினால், கால் வீங்கினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். போனில் யார் சமாதானம் சொன்னாலும் நேரில் போங்கள்.

சட்டமும் இப்போது துணைக்கு இருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தியச் சட்டப்படி, சோதனைக்குழாய் சிகிச்சை மையங்கள் செலவு, வெற்றி வாய்ப்பு மட்டுமல்ல, பக்கவிளைவையும் ஆபத்தையும் தம்பதிக்கு எடுத்துச் சொல்லியாக வேண்டும். மாத்திரை மட்டும் எழுதுகிற டாக்டருக்கு இது நேரடியாகப் பொருந்தாது. ஆனால் கேட்கிற உரிமை எல்லாருக்கும் உண்டு.

கடைசியாக, வீட்டில் யாராவது "இவ மாறிட்டா" என்றால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அவள் அல்ல, நீங்கள். நான் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த ஒரு பதிவு என் கணக்கில் நேராகவில்லை.

நேற்று அண்ணன் மகள் மறுபடி கூப்பிட்டாள். அவள் சாப்பிடுவது லெட்ரோசோலாம். அன்று சித்திக்குக் கிடைக்காத அதே மாத்திரை. "சித்தப்பா, ஒரு நோட்டு வாங்கி எழுதிட்டுப் போனேன். டாக்டரம்மா வாங்கி ஒவ்வொரு பக்கமா படிச்சாங்க. அவரும் கூடவே உக்காந்திருந்தாரு" என்றாள்.

என் மனைவி போனை வாங்கி, "சூடு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள். அப்புறம் இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள்.

டிஸ்கி: இது மருத்துவ ஆலோசனை அல்ல. உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு. ஆனால் அவருக்கு முழுக் கணக்கையும் காட்டுங்கள் :-)